மூல ஆபரேஷன்: வலி எங்கே, பலன் எங்கே?

மூலத்துக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும், பினாங்கில் நம்மவர்கள் முதலில் கேட்பது "லேசர்ல செய்யலாமா டாக்டர்?" என்பதுதான். கருவியின் பெயரை விடுங்கள். ஆசனவாய்க்குள் எந்த இடத்தில் வெட்டுவார் என்று கேட்டாலே வலியின் கணக்கு பாதி புரிந்துவிடும்.

உள்ளே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. அதற்குக் கீழே தோலின் வகை. ஊசிமுனை பட்டாலும் சுள்ளென்று வலிக்கும். மேலே குடலின் உள்சவ்வு. வெட்டினாலும் அவ்வளவாகத் தெரியாது. மூலமும் புதிதாக முளைத்த கட்டி அல்ல. எல்லாருக்கும் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் மெத்தைகள்தான் பிடிமானம் தளர்ந்து இறங்குகின்றன. கையால் தள்ளினால் உள்ளே போவது மூன்றாம் நிலை. தள்ளினாலும் நிற்காதது நான்காம் நிலை.

1937இல் லண்டன் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மோர்கனும் எழுதிவைத்த முறை இன்னும் நிலைத்திருக்கிறது. மூலத்தை வெட்டியெடுத்து, ரத்தக்குழாயைக் கட்டி, புண்ணைத் தைக்காமல் விடுவார்கள். புண்களுக்கு நடுவே நல்ல தோலையும் மிச்சம் வைப்பார்கள். இல்லையென்றால் ஆறும்போது வாசல் சுருங்கிவிடும். புண் கோட்டுக்குக் கீழேயும் இருப்பதால் முதல் இரண்டு வாரம் கழிவறை என்றாலே நடுக்கம்தான். புண்ணைத் தைத்து மூடுவது ஃபெர்குசன் முறை.

இத்தாலியரான லோங்கோ 1998இல் மூலத்தையே தொடாத வழியைச் சொன்னார். கோட்டுக்கு மேலே வட்ட ஸ்டேப்லரால் உள்சவ்வில் ஒரு வளையத்தை வெட்டி, விளிம்புகளை உடனே சேர்த்துவிடுவது. தொளதொள பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்தால் கால்பக்கம் மேலேறுமே, அந்த மாதிரி. வலி குறைவு. சரி, நிலைக்குமா? பிரிட்டனில் 777 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், முதல் சில வாரங்கள் ஸ்டேப்லருக்குச் சாதகம். அப்புறம் பழைய முறையில் வெட்டிக்கொண்டவர்களே நிம்மதியாக இருந்தார்கள், மூலம் திரும்பியதும் அவர்களிடம் குறைவு.

லேசர் என்பது, மூலத்துக்குள் நுண்ணிழையைச் செலுத்திச் சுட்டுச் சுருக்குவது. முழுக்க வெளியே தொங்குவதற்கு அது பெரும்பாலும் போதாது, விளம்பரத்தில் எப்படி எழுதினாலும்.

ஆகவே, பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டும் ஒருவர் மூன்றாம் நிலையில் இருந்து, சீக்கிரம் வேலைக்குத் திரும்பியாக வேண்டுமென்றால், திரும்ப வரலாம் என்று தெரிந்தே ஸ்டேப்லரை யோசிக்கலாம். நான்காம் நிலை, வெளியே தோலும் தொங்குகிறது என்றால், என் கணக்கில் பழைய வெட்டுதான்.