ஓடையின் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவின் நடுப்பகுதி பீட் நிலம். பாதி மக்கிய பாசியும் புல்லும் படிந்து ஆழமாகக் கிடக்கும் ஈரநிலம். வெளியாருக்கு ஒரே பழுப்பு வெளி. கோடையில் மாடுகளை ஓட்டிப்போய் ‘ஆரி’ எனும் மேய்ச்சல் குடில்களில் தங்கியவர்களுக்கோ, தொலைந்த பசு எந்த ஓடைக்கரையில் நிற்கிறது என்று சொல்லியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் நீருக்கும் தீவு மக்களின் கேலிக் மொழியில் பெயருண்டு.

1848 முதல் 1852 வரை பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே இத்தீவை அளந்தபோது பெயர்ப் புத்தகங்களும் எழுதப்பட்டன. எழுத்து வடிவம், அதற்குச் சாட்சி சொன்னவர், இருப்பிடம், குறிப்பு எனக் கட்டங்கள் இருந்தன. சின்னப் பெயர்கள் பல அதில் ஏறவில்லை. ஏறியவற்றிலும் ஒலி இல்லை. இன்று இப்பெயர்களை ஊராரிடம் கேட்டுப் பதிபவர் முதலில் பிடிக்க வேண்டியது ஒலியைத்தான்.

ஏனெனில் கேலிக்கில் சொல்லின் முதல் மெய் இலக்கணத்துக்கேற்ப மாறும். ‘மோர்’ என்றால் பெரிய. அதுவே ‘வோர்’ ஆகும். ‘பான்’ என்றால் வெள்ளை. அது ‘வான்’ ஆகும். காதில் விழும் ‘வ’ பழைய ‘ம’வா, ‘ப’வா என்று தெரியாமல் எழுதினால் பெயரின் பொருளே போய்விடும். அதனால் பெயரைத் தனியாக ஒருமுறை, “அங்கே போகிறேன்” என்ற வாக்கியத்துக்குள் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்றும் குறியுங்கள். தீவின் பெரிய ஏரி லங்கவத். அழுத்தம் முதல் அசையில். இது வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிப் பெயர்: நம் நெடுங்குளம்போல அடை முன்னே, ‘நீர்நிலை’ பின்னே. கேலிக்கில் வரிசை தலைகீழ். ‘ஏரி’ முன்னே வரும், அழுத்தம் பின்னுள்ள அடைமொழியில் விழும். ஆக, பெயர் எந்த மொழியில் பிறந்தது என்பதை எழுத்தைவிட அழுத்தம் தெளிவாகக் காட்டும்.

வரைபடத்தைக் காட்டி “இதுதானே அந்த ஓடை?” என்று கேட்பதே பெரிய தவறு. மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். “வேலிக்கதவு தாண்டி ஆரி வரைக்கும் போனால் என்னென்ன வரும்?” என்று கேளுங்கள். நடந்த கால்களின் வரிசையில் பெயர்கள் தாமே வரும். காற்று ஓயாத இடம். மைக்குக்கு ரோம உறை இல்லாவிட்டால் பதிவு வீண்.

ஓடைக்கு ஒற்றைப் புள்ளி போதாது. தொடக்கம், கலக்குமிடம், நடுவில் பெயர் மாறும் இடம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். வரைபடத்தில் இடத்தை எண்களால் குறிக்கும் பிரிட்டிஷ் கட்ட முறையில் ஆறு இலக்கம் 100 மீட்டர்ச் சதுரத்தைத்தான் காட்டும். அதற்குள் இரண்டு ஓடைகள் ஓடலாம். எட்டு இலக்கம் எடுத்தால் 10 மீட்டர். ‘கூஹன்’ எனப்படும் சிற்றோடை செடிகளுக்கு அடியில் மறைந்தே ஓடும்; நடந்து போய் நீரின் சத்தத்தைக் கேட்டுத்தான் அதன் தடத்தைக் குறிக்க முடியும்.

இரண்டு ஊர்கள் ஒரே நீருக்கு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் தனித்தனி அட்டையில், எந்த ஊரார் சொன்னது என்ற குறிப்போடு எழுதுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றொன்றாக்க வேண்டாம்.