வில்லும் நாணும்: சைனின் வகைக்கெழு கொசைன் ஆவது எப்படி

மேல்நிலை வகுப்பில் வகை நுண்கணிதம் தொடங்கிய சில நாட்களில் ஒரு சிறு பட்டியல் கரும்பலகையில் ஏறிவிடும். சைனின் வகைக்கெழு, அதாவது சைன் மாறும் வீதம், கொசைன். கொசைனின் வகைக்கெழு மைனஸ் சைன். டேன்ஜென்ட்டின் வகைக்கெழு சீகன்ட் வர்க்கம். பெரும்பாலான மாணவர்கள் இதை வாய்ப்பாடு போல ஒப்பித்துத் தேர்வைக் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கடந்தேன். சைன் ஏன் கொசைனாகவே மாற வேண்டும், அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியது பிற்பாடு, ஆரியபடரின் சைன் அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோதுதான். அந்த எண்களிலிருந்தே தொடங்குகிறேன். மாறுவீதம் என்பது என்ன என்று அவற்றைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபடீயம் கால்வட்டத்தை 24 சம பங்குகளாகப் பிரிக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 90 பாகைக்கு 5,400 கலை, ஒரு பங்குக்கு 225 கலை, அதாவது மூன்றே முக்கால் பாகை. ஒவ்வொரு பங்கைக் கடக்கும்போதும் சைன் எவ்வளவு கூடுகிறது என்ற வேறுபாடுகளை மட்டுமே ஆரியபடர் எழுத்துகளால் எண்களைக் குறிக்கும் தம் முறையில், ஒரே செய்யுளுக்குள் அடக்கித் தருகிறார். முதல் சொல் ‘மகி’: ம என்றால் 25, கி என்றால் 200, ஆக 225. அடுத்து 224, 222, 219, 215, 210 என்று மெல்லக் குறைந்து, இறுதியில் 37, 22, 7 என்று முடிகிறது. இவற்றை வரிசையாகக் கூட்டினால் 30 பாகைக்குரிய எட்டாவது இடத்தில் 1719 வரும். 90 பாகைக்குரிய கடைசி இடத்தில் 3438 வரும். 3438 என்பது அவர் எடுத்துக்கொண்ட வட்டத்தின் ஆரம். 1719 அதில் சரிபாதி. 30 பாகையின் சைன் அரை என்பது இதுதான்.

இப்போது கூட்டுத்தொகையை விட்டுவிட்டு வேறுபாடுகளை மட்டும் கவனியுங்கள். 60 பாகைக்குச் சற்று முன்னுள்ள வேறுபாடு 119, சற்றுப் பின்னுள்ளது 106, சராசரி 112.5. இது முதல் வேறுபாடான 225-இல் மிகச் சரியாகப் பாதி, 60 பாகையின் கொசைனும் பாதி. 45 பாகையில் 164, 154 என்ற இரண்டின் சராசரி 159. அதை 225-ஆல் வகுத்தால் 0.7067 கிடைக்கிறது, 45 பாகையின் கொசைன் 0.7071. 30 பாகையில் 199, 191 என்பவற்றின் சராசரி 195, வகுத்தால் 0.8667, அங்கே கொசைன் 0.8660. சைனின் ஏற்றத்தைக் குறிக்க எழுதிய பட்டியல், யாரும் கேட்காமலேயே கொசைன் பட்டியலாக அமைந்திருக்கிறது. ஆரியபடர் நுண்கணிதம் செய்தார் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. இடைவெளி பூச்சியத்தை நெருங்கும்போது ஈவு எதை நெருங்குகிறது என்னும் ‘எல்லை’ என்ற கருத்து அங்கே இல்லை. ஆனால் சைனின் வளர்ச்சி கொசைனின் விகிதத்தில் நடக்கிறது என்ற உண்மையை, 1150-இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் கோள்களின் அந்தந்தக் கணத்து வேகத்தைக் கணக்கிடத் தெளிவாகவே பயன்படுத்தினார்.

இந்த விகிதம் ஏன் அமைகிறது என்பதற்கு வட்டமே விடை சொல்லும். ஆரம் 1 அலகு உள்ள வட்டத்தின் மேல் ஒரு புள்ளி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், நொடிக்கு 1 அலகு வேகத்தில் ஊர்வதாகக் கொள்வோம். மையத்திலிருந்து அதன் உயரம் சைன். வலப்புறமாக அதன் தொலைவு கொசைன். வட்டத்தில் ஊரும் எதுவும் எந்தக் கணத்திலும் ஆரத்துக்குச் செங்குத்தாகத்தான் நகர முடியும் என்பதால், மையத்திலிருந்து புள்ளிக்கு வரைந்த அம்பை 90 பாகை திருப்பினால் அதுவே புள்ளியின் வேகத்தைக் குறிக்கும் அம்பாகிவிடும். அப்படித் திருப்பும்போது, வலப்புறம் நீண்டிருந்த பகுதி மேல்நோக்கித் திரும்புகிறது; மேல்நோக்கி நின்ற பகுதி இடப்புறம் சாய்கிறது. ஆகவே உயரம் கூடும் வேகம் கொசைன். வலப்புறத் தொலைவு மாறும் வேகம் மைனஸ் சைன். மாணவர்களைப் பாடாய்ப்படுத்தும் அந்த மைனஸ் இவ்வளவுதான்: முதல் கால்வட்டத்தில் புள்ளி மேலே ஏற ஏற இடப்பக்கம் நகர்கிறது, எனவே கொசைன் குறைகிறது. புள்ளி வலக்கோடியில் இருக்கும்போது நேர் மேலே கிளம்புகிறது. அங்கே சைனின் வேகம் 1. உச்சியில் அது கிடையாகக் கடக்கிறது. அங்கே உயரம் ஒரு கணம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

இந்த விளக்கத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. புள்ளி நொடிக்கு 1 அலகு ஊர்கிறது என்றால், கோணத்தை அளக்கும் அலகும் ஆரத்தை அளக்கும் அலகும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த அளவைத்தான் ரேடியன் என்கிறோம். ஆரியபடரின் 3438 என்ற எண்ணின் அருமை இங்கேதான் புரிகிறது. முழு வட்டத்தின் 21,600 கலையை இரண்டு பையால் வகுத்தால் ஏறத்தாழ 3438 வரும். வில்லை, அதாவது வட்டத்தின் வளைந்த துண்டை, எந்தக் கலையால் அளந்தாரோ அதே கலையால் ஆரத்தையும் நாணையும் அளந்தார். அதனால்தான் அவருடைய அட்டவணையின் முதல் வரியில் 225 கலை நீள வில்லுக்குச் சைனும் 225 என்றே நிற்கிறது.

வில், நாண் என்ற சொற்களை நாம் பாடநூலில் கடந்து போய்விடுகிறோம். ஆனால் மொத்த நிரூபணமும் அவற்றில் அடங்கியிருக்கிறது. சைனுக்கு வடமொழியில் வழங்கிய ‘ஜ்யா’ என்பதற்கும் வில்லின் நாண் என்றுதான் பொருள். சைன் என்பது அரை நாண். நன்றாக வளைந்த வில்லில் நாணைவிட வில் தண்டு நீளமானது என்பது பார்த்தாலே தெரியும். வட்டத்தின் சிறிய துண்டை எடுக்க எடுக்க, வளைவு குறைந்து வில் நாணோடு படிந்துகொண்டே போகிறது. கணக்கில் சொன்னால், ஆரம் 1 உள்ள வட்டத்தில் ச என்னும் சிறு கோணத்துக்கு உள்ளே அமையும் முக்கோணத்தின் பரப்பு சைன் ச-வில் பாதி, வட்டக்கோணப்பகுதியின் பரப்பு ச-வில் பாதி, தொடுகோட்டால் வெளியே அமையும் முக்கோணத்தின் பரப்பு டேன் ச-வில் பாதி. நடுவில் உள்ளது இரண்டுக்கும் இடையே நெருக்கப்படுவதால், சைன் ச-வை ச-வால் வகுத்த ஈவு கொசைன் ச-வுக்கும் 1-க்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது; ச பூச்சியத்தை நெருங்கும்போது கொசைன் ச 1-ஐ நெருங்குவதால், ஈவுக்கும் 1-ஐ விட்டால் போக்கிடம் இல்லை. ச = 0.1 எனில் ஈவு 0.99833; ச = 0.01 எனில் 0.99998.

இனிப் பாடநூல் முறை எளிது. கோணத்தை க என்று கொண்டால், கூட்டல் வாய்பாட்டின்படி

சைன் (க + ச) = சைன் க × கொசைன் ச + கொசைன் க × சைன் ச.

இதிலிருந்து சைன் க-வைக் கழித்து, ச-வால் வகுக்க வேண்டும். கொசைன் க-வோடு பெருகியிருக்கும் ஈவு நாம் இப்போது பார்த்தபடி 1 ஆகிறது. சைன் க-வோடு பெருகியிருப்பது (கொசைன் ச − 1) ÷ ச; இது ச = 0.1 எனும்போது ஏறத்தாழ −0.05, ச = 0.01 எனும்போது −0.005 என்று தேய்ந்து பூச்சியமாகிறது. மிஞ்சுவது கொசைன் க மட்டுமே.

ரேடியனை விட்டுப் பாகைக்குப் போனால் இந்த அழகு கலைந்துவிடும். கணிப்பானை டிகிரி முறையில் வைத்து 0.1-இன் சைனை 0.1-ஆல் வகுத்துப் பாருங்கள். 1-க்குப் பதில் 0.01745 வரும். அது பையை 180-ஆல் வகுத்த எண். பாகையில் அளந்த கோணத்தின் சைனை வகையிட்டால் ஒவ்வொரு முறையும் இந்த எண் கொசைனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு முறை வகையிட்டால் அதன் வர்க்கம் வரும்.

மற்றச் சார்புகளுக்குப் புதிதாக வரைபடம் தேவையில்லை. டேன்ஜென்ட் என்பது சைனைக் கொசைனால் வகுத்தது; வகுத்தல் விதியைப் போட்டால் மேலே கொசைன் வர்க்கமும் சைன் வர்க்கமும் கூடி 1 ஆகும், கீழே கொசைன் வர்க்கம் நிற்கும்; அதுவே சீகன்ட் வர்க்கம். விடைத்தாள்களில் அதிகம் சறுக்குவது சங்கிலி விதியில்தான். சைன் 3க என்பதன் வகைக்கெழு 3 கொசைன் 3க. க ஓர் அடி நகரும்போது வட்டத்தின் மேல் புள்ளி மூன்றடி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டால் அந்த 3 விட்டுப்போகாது. சைனின் வர்க்கமும் வர்க்கத்தின் சைனும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது: முன்னதன் வகைக்கெழு 2 சைன் க × கொசைன் க, பின்னதன் வகைக்கெழு 2க × கொசைன் (க வர்க்கம்).

சைனை மறுபடியும் வகையிட்டால் மைனஸ் சைன் வருகிறது. இயற்கை அடிக்கடி கையாளும் உறவு இது. மெதுவாக ஆடும் ஊஞ்சல் நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதே விகிதத்தில் நடுவை நோக்கி இழுக்கப்படுகிறது. கோடியில் இழுப்பு அதிகம், வேகம் இல்லை. நடுவில் வேகம் அதிகம், பின்னிழுப்பு இல்லை. இரண்டு முறை வகையிட்டதும் தன்னையே எதிர்க்குறியோடு திருப்பித் தரும் சைனும் கொசைனும்தான் அந்த அசைவை விவரிக்கின்றன.

இதுவும் அந்தப் பழைய அட்டவணையிலேயே இருக்கிறது. வேறுபாடுகளின் வேறுபாட்டை எடுத்தால் 1, 2, 3, 4, 5 என்று தொடங்கி 14, 15 வரை போகும். ஏறும் விதம் சைனின் விதமே. ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் உள்ள ஒரு விதிக்கு உரைகாரர்கள் தரும் விளக்கமும் இதையே சொல்கிறது: அடுத்த வேறுபாடு வேண்டுமென்றால், அதுவரை சேர்ந்த சைனை முதல் சைனான 225-ஆல் வகுத்து, கிடைப்பதை முந்தைய வேறுபாட்டிலிருந்து கழிக்க வேண்டும். 30 பாகையில் 1719-ஐ 225-ஆல் வகுத்தால் 7.6, அட்டவணையில் 199 அடுத்து 191 ஆகிறது, குறைவு 8. 60 பாகையில் அதுவரையிலான கூட்டுத்தொகை 2978. 225-ஆல் வகுத்தால் 13.2. அங்கே 119 அடுத்து 106 ஆகிறது, குறைவு 13.