கஞ்சா கலந்த பானம்: சொல் விளக்கம்

'கன்னாபிஸ் இன்ஃப்யூஸ்டு பெவரேஜஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்கு "கஞ்சா உட்செலுத்தப்பட்ட பானங்கள்" என்றொரு பெயர்ப்பு தமிழில் உலவுகிறது. அமெரிக்காவில் கோடை விருந்துகளில் பீருக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் டின் பானங்களைத்தான் அது குறிக்கிறது. உட்செலுத்துவது ஊசியின் வேலை. 'இன்ஃப்யூஷன்' என்ற சொல்லுக்கு மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏற்றுவது என்றும் ஒரு பொருள் உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பு அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சைச் சோடாவுக்கு ஊசி போட்டுவிட்டது.

பொருள் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 355 மில்லி டின். உள்ளே சோடா நீர், பழச்சுவை, கொஞ்சம் சர்க்கரை. மது துளியும் கிடையாது. அதன் இடத்தில் கஞ்சாச் செடியின் போதைப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி., பெரும்பாலும் 2 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். மினசோட்டா மாநிலம் 2022 ஜூலை 1 முதல் 21 வயது நிரம்பியவர்களுக்கு இதை விற்க அனுமதித்தது. ஒரு வேளைக்கு 5 மி.கி., ஒரு டின்னில் 10 மி.கி. என்பது அங்கே உச்சவரம்பு. மதுக்கடையில் பீர் அடுக்குக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். சிறு பீர் ஆலைகளே பல சுவைகளில் தயாரிக்கின்றன. கனடாவில் 2019 அக்டோபர் 17 முதல் சட்டம் அனுமதிக்கிறது. அங்கும் ஒரு பொதிக்கு 10 மி.கி.தான்.

இன்ஃப்யூஷன் என்பதன் லத்தீன் வேர் 'உள்ளே ஊற்றுதல்'. தேயிலையின் மேல் வெந்நீரை ஊற்றிச் சாரம் இறங்கும்வரை விடுவது அதன் நேர்ப்பொருள். இதற்குத் தமிழில் பழகிய சொல் ஊறல். சித்த மருத்துவத்தில் மருந்துச் சரக்கைக் கொதிக்கவைத்து வற்றவைப்பது குடிநீர் (நிலவேம்புக் குடிநீர் எல்லோருக்கும் தெரியும்). கொதிக்கவிடாமல் நீரில் ஊறப்போட்டு வடிப்பது ஊறல் குடிநீர். அழகான சொல்தான். ஆனால் 'ஊறல்' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மலையடிவாரத்தில் போலீசார் கொட்டி அழிக்கும் சாராய ஊறல். அந்த நொதித்த வாடை இந்தப் பானத்துக்கு ஒட்டாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தப் பானத்தில் எதுவும் ஊறுவதே இல்லை. டி.எச்.சி. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும், நீரில் கரையாது. கஞ்சா எண்ணெயைச் சோடாவில் விட்டால், ரசத்தின் மேல் தாளிப்பு எண்ணெய் மிதப்பதுபோல் மிதக்கும். பெரிய பாத்திரத்தில் கலக்கிப் பத்துப் பேருக்கு ஊற்றினால் மேலாக எடுத்த ஒருவருக்கு மொத்தமும் போகும், அடியில் எடுத்தவருக்கு வெறும் சோடா போகும். வீட்டில் கலப்பவர்கள் தவறுவது இங்கேதான். வடக்கே ஹோலிக்குத் தண்டாய் என்ற பால் பானத்தில் பாங்கு என்னும் கஞ்சா இலையை அரைத்துக் கலக்கும்போது இந்தச் சிக்கல் இவ்வளவு வராது. பாலின் கொழுப்பும் பாதாம் விழுதும் எண்ணெய்ப்பசையை ஏந்திக்கொள்ளும்.

ஆலையில் வேறு வழி. கஞ்சா எண்ணெயோடு பால்மமாக்கி என்ற கூட்டுப்பொருளைச் சேர்த்து, கேளா ஒலி அலையாலோ மிகை அழுத்தத்தாலோ எண்ணெய்த் துளிகளை 100 நானோமீட்டருக்கும் கீழே உடைக்கிறார்கள். அவ்வளவு சிறிய துளி மேலே வராமல் நீர் முழுக்கப் பரவி நிற்கும். நம் வேதியியல் பாடநூல்களில் இதற்குப் பெயர் பால்மம். எண்ணெய் நீரோடு சேர்ந்து பால்போல் நிற்பதால் பால்மம். ஆக, தொழில்நுட்பமாக எழுதும் இடத்தில் 'நானோ பால்மம்' என்றால் மிகச் சரியாக இருக்கும். பேச்சுக்கும் செய்திக்கும் 'கலந்த' என்ற எளிய சொல்லே போதும்.

இந்தத் துளியின் அளவில்தான் பீருக்கு மாற்று என்ற எண்ணமே நிற்கிறது. கஞ்சா சேர்த்த தின்பண்டம் வேலைசெய்ய அரை மணி முதல் 2 மணி நேரம் வரை ஆகும். குடலில் செரித்து, கல்லீரலில் 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி. என்ற இன்னும் வலுவான பொருளாக மாறி, அதற்குப் பிறகுதான் தலைக்கு ஏறும். "ஒண்ணும் தெரியலையே" என்று இரண்டாவது துண்டைத் தின்றவர்கள்தான் பெரும்பாலும் அவதிப்பட்டிருக்கிறார்கள். பால்மமாக்கிய பானம் பொதுவாக 15 முதல் 30 நிமிடத்தில் தெரிய ஆரம்பிக்கும். ஒரு டின் பீர் குடித்து மப்பு ஏறும் நேரத்துக்கு இது கிட்டத்தட்டப் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் வயிறு முட்டச் சாப்பிட்டவருக்கு இன்னும் தாமதமாகலாம்; லேபிளில் போட்டிருக்கும் நிமிடத்தை அப்படியே நம்பக்கூடாது.

பால்மம் உடையவும் செய்யும். ஃப்ரீசரில் உறைந்து இளகிய டின்னில் எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்துவிடும், அதைக் கொடுக்க வேண்டாம். இன்னொரு குறை வெளியே தெரியாதது. அலுமினிய டின்னின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு, டி.எச்.சி. மெல்ல மெல்ல அதில் ஒட்டிக்கொள்ளும். சரியாகத் தயாரிக்காத பானம் மாதக்கணக்கில் கிடந்தால் 5 மி.கி. என்று அச்சிட்ட டின்னில் அவ்வளவு இருக்காது. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

இனி, முதல் சொல். கன்னாபிஸ் கிரேக்கச் சொல். சித்தியர் என்ற நாடோடிகள் போன்ற அயல் மக்களிடமிருந்து கிரேக்கத்துக்கு வந்தது என்பார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சித்தியர்கள் இதன் விதையைச் சுட்ட கல்மேல் போட்டு ஆவி பிடித்ததை எழுதியிருக்கிறார். இதே வேரிலிருந்து பிறந்தது கேன்வாஸ். பள்ளிக்குப் போட்டுப்போன கேன்வாஸ் ஷூவின் பெயருக்குள்ளும் கஞ்சாச் செடி இருக்கிறது. நம்முடைய கஞ்சா, வடமொழி கஞ்ஜாவிலிருந்து வந்தது. 1845 முதல் ஜமைக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு இந்தச் சொல்லும் கப்பலேறி, அங்கேயே வேர்விட்டது. சித்தர் மரபில் சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பெயர்களும் உண்டு. ஆனால் அவற்றை டின் பானத்துக்கு வைப்பது மருந்துச்சாயம் பூசுவதாகும். கஞ்சா என்பதே எல்லோருக்கும் உடனே புரிகிற சொல். அதைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

தவிர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "இது கஞ்சா இல்லை, சணல்" என்பார்கள். அமெரிக்க டின்களில் 'ஹெம்ப்' என்று அச்சிட்டிருப்பதால் வருகிற குழப்பம் இது. அகராதியில் ஹெம்ப் என்பதற்குச் சணல் என்று இருக்கும். ஆனால் தமிழர் சணல் என்றால் கோணிச் சாக்கு நெய்யும் நாரையோ, வயலில் உழுது மடிக்கும் சணப்பையையோ நினைப்பார்கள். சாக்குச் சணலும் சணப்பையும் கஞ்சாவும் மூன்று வெவ்வேறு செடிகள். முதல் இரண்டிலும் போதை இல்லை.

ஹெம்ப் என்பது அமெரிக்கச் சட்டம் போட்ட கோடு. 2018 டிசம்பரில் கையெழுத்தான வேளாண் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. (போதை தரும் முதன்மை வகை) 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று பிரித்தது. இலைக்கு அது மிகக் குறைவு. பானத்துக்கு அந்த விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: 355 கிராம் எடையுள்ள டின்னில் 0.3 சதவீதம் என்றால் 1,000 மி.கி.க்கும் மேல். 10 மி.கி. கலந்த டின்னில் இருப்பது 0.003 சதவீதம்கூட இல்லை. இந்தக் கணக்கின் வழியாகத்தான் பானம் கடைக்கு வந்தது. ஹெம்ப்பிலிருந்து எடுத்தாலும் டி.எச்.சி. அதே மூலக்கூறுதான், அதே கிறக்கம், சிறுநீர்ப் பரிசோதனையிலும் அதே முடிவு. 2025 நவம்பர் 12-ல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றி, ஒரு டின்னுக்கு மொத்தம் 0.4 மி.கி. என்று வரம்பு வைத்தது. அது ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டது. 'சணல் பானம்' என்று எழுதுவதை எந்த இடத்திலும் ஏற்கமுடியாது.

பாங்கு என்றும் சொல்லக்கூடாது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைப் பூக்கும் காய்க்கும் நுனி என்று வரையறுக்கிறது. அதிலிருந்து தயாரித்த பானத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தனி இலை அந்த வரையறைக்கு வெளியே நிற்பதால்தான் வாரணாசியில் உரிமம் பெற்ற பாங்குக் கடை இருக்கிறது. டின்னில் இருப்பது இலை அரைப்பு அல்ல, பிரித்தெடுத்த சாரம்.

மூன்றாவது சொல் பானம். இதற்கு முன்னால் எதைச் சேர்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 'மென்பானம்' என்றால் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று பொருள். 'சத்துப் பானம்' என்றால் பாலில் கலக்கும் மாவு. 'மதுவற்ற பானம்' என்பது சொல்லளவில் உண்மை, ஆனால் கேட்பவர் 'போதையற்ற பானம்' என்றே எடுத்துக்கொள்வார். மூன்றும் ஆபத்தானவை. 'கஞ்சா கலந்த பானம்' என்பதில் ஒளிவுமறைவு இல்லை. கேன் என்பதற்குப் பதில் டின் என்று எழுதுவதும் நல்லது. சென்னையில் கேன் என்றால் 20 லிட்டர் தண்ணீர்.

விருந்துக்கு அமெரிக்கர் சொல்லும் 'குக்கவுட்'டைக் கூட்டாஞ்சோறு என்று பெயர்ப்பதுண்டு. அது ஆளுக்கொன்று கொண்டுவந்து சேர்ந்து ஆக்குவது. இங்கே வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவார். கொல்லைப்புற விருந்து என்றால் சரியாகப் புரியும்.

பரிமாறும்போது பேசப்படும் சொல் 'சர்விங்'. அதற்கு 'வேளை' என்பதே பொருத்தம், மருந்துச் சீட்டில் பழகியது. டின்னில் "ஒரு வேளைக்கு 5 மி.கி., 2 வேளை" என்றிருந்தால் முழு டின் 10 மி.கி.; ஒரு டின் ஒரு வேளை என்று பீர்க்கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. புதியவருக்கு 2.5 மி.கி. போதும். 355 மில்லியில் 5 மி.கி. உள்ள டின்னில் அது பாதி, ஏறத்தாழ 177 மில்லி. திறப்பதற்கு முன் டின்னை மெதுவாக ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தி, அளவுக் குவளையில் ஊற்றிக் கொடுங்கள். அடுத்ததற்கு ஒரு மணி நேரமாவது போகட்டும். பீரோடு சேர்த்துக் குடிக்கவிடாதீர்கள், மது, டி.எச்.சி. ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டும், தலைசுற்றலும் வாந்தியும் வரும். குடித்தவர் அன்று வண்டி ஓட்டக்கூடாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அவர்கள் நாட்டில் அது குற்றம். அமெரிக்காவில் குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களும் வழக்கறிஞரைக் கேட்காமல் தொடவேண்டாம். மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா உட்கொள்வது நன்னடத்தைக்கு எதிராகலாம் என்று குடியேற்றத் துறை 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

ஐஸ்பெட்டியைத் தனியாக வையுங்கள். பனிக்கட்டிக்குள் பாதி புதைந்து கிடக்கும் டின்னில் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள் எலுமிச்சைப் படம் மட்டும்தான். மில்லிகிராம் எழுத்து அடியில் முழுகியிருக்கும். மூடிமேல் "கஞ்சா" என்று பெரிதாகத் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை தாகத்துக்குக் கை நீட்டினால் "இதுல சரக்கு இல்ல அத்தை" என்று சொல்லக்கூடாது. "அத்தை, இதுல கஞ்சா இருக்கு, உங்களுக்கு அந்தப் பெட்டில மோர் இருக்கு" என்று சொல்லவேண்டும்.

யாருக்காவது படபடப்பும் பயமும் வந்தால் சத்தமில்லாத இடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். முறிமருந்து கிடையாது, நேரம்தான் இறக்கும். குழந்தை ஒரு வாய் குடித்திருந்தாலும் காத்திருக்காமல் 1-800-222-1222 என்ற அமெரிக்க நச்சு உதவி எண்ணை அழையுங்கள். மூச்சு மந்தமாகவோ எழுப்பினால் எழாமலோ இருந்தால் 911. விருந்து முடிந்ததும் புல்லிலும் மேசையிலும் பாதி குடித்து வைத்த டின்களை எண்ணிப் பொறுக்கி, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிக் கழுவியபிறகு குப்பைப் பைக்குள் போடுங்கள்.