செயல்முறைக் கல்வி அன்று, பட்டறிந்து கற்றல்

மென்பொருள் பொறியியல் பாடத்திட்டத்தைப் பற்றி மொரீசியஸில் யாரேனும் தமிழில் ஒரு குறிப்பு எழுதினால், ‘எக்ஸ்பீரியன்ஷியல் லேர்னிங்’ என்பதைச் ‘செயல்முறைக் கல்வி’ என்று பெயர்த்துவிட்டுக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது.

மூலச்சொல், முயன்று பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதைக் கற்றல் கோட்பாடாக நிலைநிறுத்தியது அமெரிக்கக் கல்விக் கோட்பாட்டாளர் டேவிட் கோல்பின் 1984ஆம் ஆண்டு நூல். நேரில் படுதல், பட்டதை எண்ணிப்பார்த்தல், அதிலிருந்து பொதுக்கருத்தை வடித்தல், அதை மறுபடி செய்துபார்த்தல் என நான்கு கட்டங்களை அவர் காட்டினார்.

செயல்முறை என்றாலோ ஆய்வுக்கூட வகுப்புதான் நினைவுக்கு வரும். தாளிலுள்ள படிகளை வரிசையாகச் செய்து, வரவேண்டிய விடை வந்ததும் எழுந்துபோகலாம். எண்ணிப்பார்க்கும் வேலை அதில் கட்டாயமன்று. மென்பொருள் வகுப்பில் இணையக் கருவிகளைப் புகுத்துவதன் பயனோ அந்த எண்ணிப்பார்த்தலில்தான் இருக்கிறது. ஒரே வரியை இரு மாணவர்கள் இருவேறு விதமாகத் திருத்திவிட்டால், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவி தானாக முடிவெடுக்காமல் இரண்டு வடிவங்களையும் கோப்பிலேயே குறியிட்டு நிறுத்திவிடும். இருவரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறும், சக மாணவர் வரிக்கு வரி எழுதிய கருத்தும் இணையத்தில் அப்படியே கிடப்பதால், வாரம் கழித்தும் தம் தவற்றைத் தாமே படித்துப்பார்க்க முடிகிறது. இதைச் ‘செயல்முறை’ என்று சொன்னால் பாதிப் பொருள் கழன்றுவிடுகிறது.

இன்னொரு கூத்து ‘சோதனைவழிக் கல்வி’. பிரெஞ்சில் ‘எக்ஸ்பெரியான்ஸ்’ என்ற ஒரே சொல் அனுபவத்தையும் சோதனையையும் குறிக்கும். பிரெஞ்சைத் தாண்டித் தமிழுக்கு வருபவர் இடையில் தடுக்கி விழுவதில் வியப்பில்லை. பிள்ளைகளை வைத்து ஏதோ சோதனை நடக்கிறது என்றல்லவா பெற்றோர் அஞ்சுவார்கள்! 1998இல் பணத்தாளில் தமிழ் வரி நாகரி வரிக்குக் கீழே இறங்கியதற்காகக் கொதித்தெழுந்து, அத்தாள்களையே திரும்பப் பெறச் செய்த மொரீசியஸ் தமிழ்ச் சமூகம் இது. அந்த அக்கறையில் கால்பங்கையாவது எழுதும் சொல்லின்மீது காட்டலாகாதா?

‘அனுபவவழிக் கற்றல்’ பிழையன்று. வடசொல் என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க மாட்டேன். ஆனால் அனுபவம் நேர்ந்ததோடு நின்றுவிடலாம். இருபது ஆண்டு அனுபவமிருந்தும் ஒன்றும் கற்காதவர்களை எல்லா அலுவலகங்களிலும் காண்கிறோம். ‘பட்டால்தான் புத்தி வரும்’ என்று சொல்லும் நம்மிடம் பட்டறிவு என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. படுவதும் அறிவதும் அதில் ஒன்றாக நிற்கின்றன. அதையும் ‘பட்டறிவுவழிக் கற்றல்’ என்று நீட்டினால், அறிவின் வழியே அறிதல் என்று கூறியது கூறலாகிவிடும். ஆகவே வினையாகவே வைத்துப் ‘பட்டறிந்து கற்றல்’ என்கிறேன்; பாடத்தலைப்பில் இடம் போதாதென்றால் ‘பட்டறிதல்’ என்றே எழுதலாம்.