கண் அழற்சி நோயாளிகளும் 40 சதவீதக் கணக்கும்

யுவைட்டிஸ் எனப்படும் விழி நடுப்படல அழற்சி, பெரும்பாலும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் வயதினருக்கே வருகிறது. அடங்கியதுபோல் இருந்து மறுபடி தலைதூக்குவது அதன் இயல்பு. அழற்சி மிகுந்த நாட்களில், மருத்துவமனைப் பலகையில், இயல்பான 6/6-க்குச் சற்றே குறைந்த 6/9 வரி வரை படித்துவிடுபவர்கூட, கண் கூச்சத்தாலும் வலியாலும் கணினித் திரை முன் ஒரு மணி நேரம் உட்கார முடியாமல் தவிப்பார். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தால் கண்புரையும் கண் நீர் அழுத்த உயர்வும் வரக்கூடும்.

இத்தகையோர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் கீழ் சான்றிதழ் கேட்டுப் போகும்போது, மருத்துவர் இந்த வேதனைகளை அளப்பதில்லை. கண்ணாடி போட்டபின் இரு கண்களிலும் எவ்வளவு பார்வை இருக்கிறது, பார்வைப் புலம் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்ற இரண்டை மட்டுமே கணக்கிடுகிறார். ஒரு கண் முழுவதும் போய்விட்டாலும், மறு கண்ணில் 6/18 வரை பார்வையும் சரியான பார்வைப் புலமும் இருந்தால் இயலாமை 30 சதவீதம்தான். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டுக்கும், அதில் பார்வைக் குறைபாடுடையோருக்கு உரிய 1 சதவீதத்துக்கும் குறைந்தது 40 சதவீதம் தேவை என்பதால், நம் நோயாளிகள் பலர் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் சட்டம் அந்த எண்ணோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மாற்றுத்திறனாளி யார் என்று வரையறுக்கும் பிரிவு 2(எஸ்) எந்தச் சதவீதத்தையும் குறிப்பிடவில்லை. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவரைச் சமூகத்தில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் தடுக்கிறதா என்றே அது கேட்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் என்ற தேர்வர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, 40 சதவீதம் இல்லாத தேர்வருக்கும் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எழுதுவதில் சிரமம் இருப்பதாக மருத்துவச் சான்று பெற்ற, 40 சதவீதத்துக்குக் குறைவான இயலாமை உடையோருக்கான வழிகாட்டுதல்களை 2022 ஆகஸ்டில் மத்திய அரசும் வெளியிட்டது.

அரசுப் பணியில் இருப்போர்க்குப் பிரிவு 20 முக்கியமானது. பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இல்லையெனில், பொருத்தமான பணி கிடைக்கும்வரை அல்லது ஓய்வுபெறும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ள வேண்டும். பணியாளருக்கு நியாயமான வசதிகளைச் செய்து தருவதும் அதே பிரிவின்படி அலுவலகத்தின் கடமை. கூசாத விளக்கு, சன்னலைவிட்டுத் தள்ளிய இருக்கை, பெரிய எழுத்துத் திரை போன்றவற்றை மருத்துவர் கடிதத்தோடு எழுத்தில் கேட்பது நல்லது. வாய்ச்சொல்லுக்குக் கோப்பில் இடமில்லை.

சான்றிதழுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஒரே விண்ணப்பம் போதும். பார்வை ஏறி இறங்கும் நோய் என்பதால் மருத்துவர் காலவரையறையுள்ள சான்றிதழ் தரக்கூடும். அதன் காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறை அழற்சி வந்தபோதும் எடுத்த பார்வை அளவுகளையும் பார்வைப் புலப் பரிசோதனைத் தாள்களையும் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருந்து, மறுமதிப்பீட்டுக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.