செப்புத் தகட்டில் ஒரு கூட்டம்

ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை மக்கள்முன் நிறுத்தி, "இதோ, இந்த மனுஷன்" என்கிறான். நெதர்லாந்தின் லைடன் நகரத்துக் கலைஞர் லூக்காஸ் வான் லைடன் 1510-ல் இந்தக் காட்சியைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். படத்தில் இயேசுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தூரத்து மேடையில் சிறிதாக நிற்கிறார். முன்னால் பெரிதாகத் தெரிவது, நமக்கு முதுகு காட்டி நிற்கும் கூட்டம்தான். உடுப்பும் கட்டடங்களும் எருசலேமைவிட ஐரோப்பிய நகரம் ஒன்றையே நினைவூட்டுகின்றன.

இந்தத் தூரத்தைக் காட்ட அவரிடம் வண்ணம் கிடையாது. இருந்தது கூர்முனை எஃகு உளி. அதை உள்ளங்கையில் அணைத்துத் தள்ளினால், உழவுசால் போலச் செம்பில் பள்ளம் விழும். தகடு முழுக்க மை பூசி மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்த, அது பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துவரும், இடவலம் மாறி.

ஆழமான கோட்டில் மை நிறைய நிற்கும், கறுப்பாக விழும். மேலோட்டமான கோடு சாம்பலாக வெளிறும். தூரத்து வீடுகளை லூக்காஸ் இப்படித்தான் மங்கவைத்தார். கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய இத்தாலியின் வசாரியே இந்தத் திறமையைப் பாராட்டி எழுதினார். ஆனால் ஒவ்வொரு அழுத்தத்திலும் செம்பு தேயும். மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். அவருடைய படங்களில் நல்ல பிரதிகள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பலிபீடத்து ஓவியம் இருந்த இடத்தைவிட்டு நகராது. அச்சிட்ட தாளோ கைமாறி ஊர் ஊராகப் போகும். 1566-ல் நெதர்லாந்தில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தேவாலயங்களின் சிலைகளையும் ஓவியங்களையும் உடைத்தெறிந்தபோதும், தாளில் இருந்த வேதக் கதைகளின் அச்சு நிற்கவில்லை. ஓவியர் ஹேம்ஸ்கெர்க் வரைந்த வேதக் காட்சிகளைத் தகட்டில் செதுக்கிய கோர்ன்ஹெர்ட், மதத்துக்காக மனிதரைக் கொல்வதை எதிர்த்து எழுதியவரும்கூட. அப்படிப்பட்டவர் கையில் இந்தக் கதைகள் வெறும் பக்திப் படங்களாக மட்டும் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

லூக்காஸின் அமைப்பை 1655-ல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் எடுத்துக்கொண்டார். முதலில் அவரும் மேடைக்கு முன்னால் கூட்டத்தை வைத்தார். செம்பைச் சுரண்டித் தேய்த்தால் கோடு மறையும் அல்லவா? பிந்தைய பிரதிகளில் அந்தக் கூட்டத்தையே அழித்துவிட்டார். இப்போது மேடைக்கு எதிரே நிற்பது படத்தைப் பார்க்கிறவர் மட்டும்தான்.