கண்ணுக்குக் கீழே வீக்கமா? முதலில் மணியைப் பாருங்கள்

"ரெண்டு வாரமா வெள்ளரிக்காய் வெட்டி வைக்கேன் டாக்டர், ஒரு மாத்தமும் இல்ல." நாகர்கோவிலில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது வீக்கம் இருக்கிறதா, வற்றிவிடுகிறதா?

கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, அரை மில்லிமீட்டர்தான் வரும். அதன் அடியில் உள்ள சதை தளர்வாக இருப்பதால் இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது நீர் அங்கே போய்த் தேங்குகிறது, எழுந்து நடமாடினால் மெல்ல இறங்கிவிடுகிறது. மத்தியானத்துக்குள் வற்றினால் பெரும்பாலும் அது நீர். வீட்டு வைத்தியம் அதற்குத்தான். காலை, மாலை எப்போது பார்த்தாலும் ஒரே பை மாதிரி இருந்தால் அது கொழுப்பு; வயதாக ஆக அதைத் தாங்கும் சவ்வு தளர்ந்து முன்னே தள்ளுகிறது, சில குடும்பங்களில் இளவயதிலேயே வரும். அதற்கு எந்த கிரீமும் வாங்காதீர்கள், காசு மிச்சம். ரொம்ப உறுத்தினால் அறுவை சிகிச்சை மட்டும்தான் வழி.

சரி, நீர் என்றால் முதல் சந்தேகம் ராத்திரிச் சாப்பாட்டின் மேல்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே. "நான் உப்பு கம்மிதான் டாக்டர்" என்பார்கள். மரச்சீனிக்குத் தொட்டுக்கொண்ட கருவாட்டையும், கஞ்சிக்குக் கடித்த உப்பு மாங்காயையும், பப்படத்தையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கருவாட்டை விடச் சொன்னால் நம்ம ஊரில் யார் கேட்பார்கள், நானே விடமாட்டேன். ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதுவும் மறுநாள் கண்ணில் தெரியும்.

தூக்கம் பற்றிப் பேச எனக்கே கூச்சம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவரிடமும், தோவாளைச் சந்தைக்குப் பூ கட்டுகிறவரிடமும் ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? தலையணையை இன்னொன்று சேர்த்துத் தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள், அதுவே கொஞ்சம் உதவும்.

காலையில் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸை நேராக வைக்க வேண்டாம். வெள்ளரிக்காயில் மாயமில்லை, அது குளிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆறவைத்துக் குளிரூட்டிய டீ பையும் வைக்கலாம். அதிலுள்ள காஃபீன் ரத்தக்குழாயைக் கொஞ்ச நேரம் சுருக்கும். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்தால் எனக்குச் சண்டையில்லை. அதன் சாறு, தாய்ப்பால், எலுமிச்சை எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். அரிப்பும் தும்மலும் கூடவே இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், கசக்கக் கூடாது. அப்புறம், மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு டியூப் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் கண் அழுத்தம் ஏறி பார்வையே போகலாம்.

ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கி, வலியும் காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோர்வு, எடை ஏற்றம், முடி உதிர்தல் சேர்ந்திருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும்.

மணி பார்க்கும் கணக்கும் சில நேரம் ஏமாற்றும். தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்தான். காலையில் கண் வீக்கம், மத்தியானம் குறைந்துவிடும். "எப்பவும் போன்தான் டாக்டர்" என்றார் அம்மா. மூன்று வாரமாக அலர்ஜி சிரப் கொடுத்திருந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னேன், சாக்ஸ் தடம் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. மூத்திரம் நுரைக்கிறதா மக்களே என்று கேட்டதற்குப் பையன் தலையாட்டினான். பரிசோதனையில் புரதம் ஏராளம், சிறுநீரகம் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன், சில மாத மாத்திரையில் வீக்கம் போனது. திரும்பி வரக்கூடிய நோய் என்பதால் அந்த அம்மா இப்போது வீட்டிலேயே புரதம் இருக்கிறதா என்று காட்டும் ஸ்டிரிப் வைத்துக் காலைச் சிறுநீரைப் பார்த்து, ஒரு நோட்டில் தேதிபோட்டு எழுதிக்கொண்டு வருகிறார்.